காற்றுப் பெட்டி

அத்தை தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து படகுக்கு மூச்சு ஊதிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பினேன். ஊதி முடித்ததும் படகு மேலே வரும், கூடவே அவளும் வருவாள், முந்தானையைப் பிழிந்துவிட்டு "யாருக்குடா கலர் வேணும்?" என்று கேட்பாள். அப்போது எனக்கு எட்டு வயது. எட்டு வயதுக்கு இது கொஞ்சம் அதிகமான முட்டாள்தனம்தான். எங்கள் வகுப்பில் அந்த வயதில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுகிற பிசாசுகள் இருந்தார்கள்.

ஐம்பதைத் தாண்டி, உட்கார்ந்து எழுந்தால் முட்டி சத்தம் போடுகிற என் தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு இது புரியாது. போன மாதம் என் மகள் வற்புறுத்தி என்னை ஒரு படகுக்குழாமுக்குக் கூட்டிப்போனாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். இன்னொன்று கேட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, உரித்த பலாப்பழம் மாதிரி நடந்துபோய், படகின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தேன். படகோட்டிப் பையன் சிரித்தான்.

"இன்னா சார், தர்பூசா வாங்குற? தட்டித் தட்டிப் பாக்குற?"

மகள் என்னைத் தெரியாதவள்போல ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் லிஃப்டையும் தட்டுவேன், பேருந்தின் தரையையும் தட்டுவேன், வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் முதல்முறை இறங்கியபோது சுவரைத் தட்டிக் காவலாளியிடம் மாட்டிக்கொண்டேன். ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மாவின் அண்ணன், என் மாமா, அதே துறைமுகத்துப் பட்டறையில் ஃபிட்டர். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒன்றில்கூட ஏறிப் போனதில்லை. அந்த ஏக்கம் முற்றித்தான் பைத்தியமாகியிருக்க வேண்டும். கழித்துக்கட்டிய கப்பல் ஒன்றிலிருந்து இறக்கிப்போட்ட பழைய படகை ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். கப்பல் மூழ்கினால் ஆட்கள் ஏறித் தப்பிக்கிற படகு. இரண்டு முனையும் கூராக, உள்ளே சுற்றிலும் பலகை இருக்கையோடு, எங்கள் ராயபுரத்து வீட்டைவிட நீளமாக இருந்தது. மாமா அதில் பழைய டீசல் என்ஜின் ஒன்றைப் பொருத்தினார். லாரியில் ஏற்றி எண்ணூர் உப்பங்கழியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் நைனாவுக்குத் தோஸ்து. டீக்கடையில் அவர் விசாரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மீன் புடிக்கவா?"

"இல்லபா."

"மணலு ஏத்தவா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா. ஞாயித்துக்கெழமையில குடும்பத்தோட ஒரு ரவுண்டு."

"சும்மாவா?" அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நாங்கோ வேற வழி இல்லாம தண்ணிமேல போய்க்கினு கீறோம். நீ ஆசப்பட்டுப் போறியா? டாக்டரான்ட காட்டு மாமே."

கடையே சிரித்தது. நைனாவும் சிரித்தார். அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. சும்மா போவதற்கென்று ஒரு படகு வைத்திருக்கிற ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தானே.

அந்த வருஷத்து மழை முடிந்ததிலிருந்து பொங்கல் வரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே மாதிரி இருந்தன. காலையில் மாதா கோயில் பூசை. பூசை காணாமல் படகில் கால் வைத்தால் காலை ஒடிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். பூசை முடிந்து மின்சார ரயில். சோற்றுப் பானை, வஞ்சிரக் குழம்பு, பாய், டிரான்சிஸ்டர், மாமாவின் கையில் டீசல் கேன். பெட்டியில் ஏறினால் எங்களைச் சுற்றி இடம் தானாகக் காலியாகும். எண்ணூரில் இறங்கி, சாம்பல் படிந்த கரை வழியாக நடந்து, படகு. கால் வைத்தால் விரலிடுக்கில் சாம்பல் பசை மாதிரி பிதுங்கும். வானத்தில் புகைபோக்கிகள். எங்களுக்கு அதுதான் சுற்றுலாத் தலம். மற்றவர்கள் ஊட்டிக்குப் போனார்கள்.

அத்தை நைனாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. நாள் முழுக்க ஐஸுக்குள் கை. விரல் நுனிகள் வெளுத்து, வெடித்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டு "ஸ்ஸ்" என்பாள். ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருந்தாள். காரணம் படகு இல்லை, வெந்நீர்.

அனல்மின் நிலையம் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கழியிலிருந்து தண்ணீரை இழுத்து, சூடாக்கித் திரும்பக் கழியிலேயே விடும். அந்த இடத்துக்கு வெந்நீர் வாய் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். பக்கத்தில் போனாலே முகத்தில் ஆவி அடிக்கும். மாமா என்ஜினை மட்டுப்படுத்துவார். அத்தை படகின் பின்முனையில் உட்கார்ந்து, கையை முழங்கைவரை வெளியே தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இன்னாமே, தூங்கிட்டியா?" என்பாள் அம்மா.

"செத்த நேரம் வுடு அண்ணி. வெரலு திரும்பி வருது."

திருவொற்றியூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனது அதற்கு முந்தைய மாதம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் வெந்நீர் வாய்க்குப் போகாமல் ஒரு ஞாயிறும் முடிந்ததில்லை. நைனா அதில் கண்டிப்பாக இருந்தார்.

முதல் நாள் நான் படகில் ஏற மாட்டேன் என்று கரையில் படுத்துப் புரண்டேன். உடம்பெல்லாம் சாம்பல். விபூதி பூசிய கிறிஸ்தவனாகக் கிடந்தேன். மாமா என்னைத் தூக்கிப்போய், இருக்கைப் பலகைக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை விரல் முட்டியால் தட்டினார். டொம் என்று ஒரு சத்தம், கோயில் மணியின் வயிற்றிலிருந்து வருவதுபோல.

"கேட்டியா? உள்ள காத்து கீது. நாலு மூலையிலயும் இந்த மாதிரி பொட்டி. இந்த போட்டு மூச்சப் புடிச்சிகினு கீது. தண்ணி ரொம்பிப் பூட்டாலும் முழுவாது."

"நெசமாவா?"

"நீ மூச்சப் புடிச்சிகினு குளத்துல படுத்தா மெதப்ப இல்ல? அதேதான்."

அன்றிலிருந்து படகு எனக்கு உயிருள்ள பிராணி. அது மூச்சைப் பிடிக்கும்போது நான் மட்டும் தாராளமாக மூச்சு விடுவது நியாயமில்லை என்று தோன்றி, பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் நானும் பிடித்துக்கொண்டேன். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். அம்மா முதுகில் அறைவாள். ஏறும்போது நாலு பெட்டியையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவேன். டொம், டொம், டொம், டொம். எல்லாம் நலம்.

படகோடு ஒரு கட்டு மிதவைச் சட்டைகளும் வந்திருந்தன. கித்தான் துணிக்குள் தக்கைக் கட்டைகள் தைத்தவை. எலி மூத்திர நாற்றம். "கலீஜு, இத்த போய் எவன் மாட்டுவான்?" என்று சொல்லி அம்மா துணியைப் பிரித்துத் தக்கைகளை எடுத்துவிட்டாள். சூடான பானை வைக்க அருமையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள். எங்கள் தெருவில் சோறு, குழம்பு, ரசம் எதுவுமே அந்த வருஷம் மூழ்கவில்லை.

மார்கழி பிறந்ததும் நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. காணும் பொங்கலுக்குத் தெருக்காரர்களையும் கூட்டிப் போகலாம். அவ்வளவு பேருக்குக் குளிர்ச்சியாகக் கலர் சோடா கொடுக்க வேண்டும். ஐஸை சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்தால் பாதி கரைந்துவிடுகிறது, மீதி படகின் தரையில் ஓடுகிறது. பின்பக்கத்துத் தகரப் பெட்டிகள் இரண்டும் சும்மாதானே இருக்கின்றன? வெட்டி, கதவு வைத்தால் ஒன்று ஐஸ் பெட்டி, இன்னொன்று பாத்திரம் வைக்கிற அலமாரி.

"மச்சான், அது காத்துப் பொட்டி" என்றார் மாமா.

"தெரியும்டா. அது சமுத்திரத்துக்கு. இங்க எங்க எறங்கி நின்னாலும் இடுப்பளவுதான். போன வாரம் தரை தட்டி நீதானே எறங்கித் தள்ளுன?"

மாமா யோசித்தார். தள்ளியது உண்மைதான். "அதுவும் செர்தான்" என்று சொல்லி உளியை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அந்த வாக்குவாதம். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள், பொய்யும் சொல்லவில்லை. கழி இடுப்பளவுதான்.

உளி தகரத்தில் இறங்கியதும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. வெயிலில் பல வருஷம் அடைபட்டிருந்த காற்று, சூடாக, பழைய பெயின்ட் வாசனையோடு. நான் அலறினேன். அலறியது மட்டுமா, கரை நெடுக ஓடினேன். வலை உலர்த்துகிறவர்கள், நண்டு பிரிக்கிறவர்கள், கழியில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிற ஒரு பெரியவர், எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்: "எங்க போட்டு செத்துப்போச்சு! எங்க நைனா கொன்னுட்டாரு!" இறால் பெரியவர் பல்லில் கடித்திருந்த ஓலைக்கூடையை எடுத்துவிட்டு, "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார். நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அத்தைதான் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

"ஏன்டா ஊரக் கூட்டுற? மூச்சுதானே போச்சு? நான் குடுக்கிறேன், இரு."

வெட்டிய ஓட்டையில் வாயை வைத்து, கன்னம் உப்ப உப்ப ஊதினாள். ஒரு பெட்டிக்கு, அப்புறம் இன்னொரு பெட்டிக்கு. நெற்றியில் நரம்பு புடைத்தது. உதட்டில் துரு.

"இப்பத் தட்டிப் பாரு."

தட்டினேன். டப் என்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். டொம் என்றுதான் கேட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

இருந்தாலும் ஊதிய மூச்சு கதவு இடுக்கில் போய்விடக் கூடாதே. மாமா டீசல் டேங்கு ஒழுகினால் துணி துவைக்கிற சோப்பைத் தேய்த்து அடைப்பார், பார்த்திருக்கிறேன். வீட்டு சோப்பைத் திருடிக்கொண்டுபோய், நைனா கீல் அடித்து மாட்டியிருந்த கதவுகளைச் சுற்றிப் பூசினேன். வாராவாரம் ஒரு கட்டி. அம்மா எலி தின்கிறது என்று பொறி வைத்தாள். பொங்கலுக்குள் படகிலேயே சுத்தமான இடம் அந்தப் பெட்டிகள்தான்.

காணும் பொங்கலன்று தெருவே வந்தது. இதுவரை படகைக் கிண்டல் செய்தவர்கள்கூட எண்ணெய் வைத்துத் தலைசீவி வந்தார்கள். படகு தண்ணீரில் அமுங்கி உட்கார்ந்தது, சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காருகிற ஆள் மாதிரி. அத்தை வழக்கம்போலப் பின்முனையில், ஐஸ் பெட்டிக் கதவு அவள் காலடியில். அதனால் கலர் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கே வந்தது.

"அத்தை, கலரு!"

"அக்கா, எனக்கு ஆரஞ்சு!"

குனிந்து கதவைத் திறந்து ஐஸுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் மறுபடியும். லீவு நாளில். "அண்ணா, சீக்கிரம் வெந்நீரான்ட வுடுண்ணா" என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. டிரான்சிஸ்டர் சத்தத்தில் அது நைனாவுக்குக் கேட்க இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெந்நீர் வாய்க்குப் பக்கத்தில் மாமா என்ஜினை மட்டுப்படுத்தினார். பாரம் தாங்காமல் அது நின்றே போனது. உள்ளிருந்து பீறிட்டு வருகிற தண்ணீர் படகைக் குறுக்கே திருப்பியது. முன்முனை மணல்திட்டில் ஏறி நின்றது, பின்முனை ஓட்டத்தின் பக்கம் போனது. ஆவி முகத்தில் அடித்ததும் தெருக்காரர்கள் "ஆ, ஊ" என்று வேடிக்கை பார்க்கப் பின்பக்கம் நகர்ந்தார்கள். பின்விளிம்பு தாழ்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. ஒரு வாளியைக் கவிழ்ப்பதுபோல அல்ல, யாரோ கதவைத் திறந்து சாவகாசமாக நுழைவதுபோல வந்தது.

"எறங்கு! எல்லாம் முன்னால எறங்கு! இடுப்பளவுதான், பயப்படாத!" நைனாவின் குரல்.

எல்லோரும் முன்பக்கம் ஓடித் திட்டில் குதித்தார்கள். யாரோ என்னையும் தூக்கிப் போட்டார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையையும் காலையும் அடித்து, "முழுவுறேன்! முழுவுறேன்! நான் செத்துட்டேன்!" என்று கத்தினேன். நடுநடுவே மூச்சைப் பிடித்தேன், பிடித்ததும் கத்த முடியாமல் விட்டேன், விட்டதும் செத்துவிடுவேனோ என்று மறுபடி பிடித்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு கடுமையாக உழைத்ததில்லை.

"டேய்" என்றார் மாமா. "கண்ணத் தொறடா. ஒக்காந்துகினு நீச்சலடிக்கிற. மொழங்காலு தண்ணிடா அது."

கண்ணைத் திறந்தேன். திட்டின் மேல், என் தொப்புள் அளவுத் தண்ணீரில், சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சிரிப்பு வெடித்தது. தெருவே சிரித்தது. பயந்து போயிருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது. "செத்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்றாம்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைப்போலவே கையடித்துக் காட்டினார். நைனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தது எனக்கு அதுதான் முதல்முறை. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்.

அம்மாதான் முதலில் நிறுத்தினாள். "பாத்தியா ஒன் மருமவன..." என்று சிரித்துக்கொண்டே அத்தையிடம் சொல்லத் திரும்பினாள். படகின் முன்முனை மட்டும் தண்ணீருக்கு வெளியே, சாய்ந்து, ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் இல்லை. பின்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு கலர் பாட்டில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

நைனா ஓடினார். நாலு எட்டு வைத்ததும் தலை மறைந்தது. வெந்நீர் வருஷக்கணக்கில் விழுந்து விழுந்து அந்த இடத்தில் மட்டும் தரையைக் குடைந்திருந்தது. ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத பள்ளம். தண்ணீரில் கையை நனைக்க மட்டும்தான் அங்கே வந்திருக்கிறோம், யாரும் இறங்கியதில்லை. மேலே வந்தார், மறுபடி போனார். சாம்பல் கலங்கித் தண்ணீர் சிமென்ட் கரைசல் மாதிரி இருந்தது. மாமா போனார். கரையிலிருந்த இறால் பெரியவரும் அவர் ஆட்களும் ஓடி வந்தார்கள்.

அம்மா மணலில் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"அழாதம்மா. அத்தை உள்ள ஊதிகினு கீது. ஊதி முடிச்சா போட்டு மேல வரும்."

அம்மா என்னை அறைவாள் என்று நினைத்தேன். என் வாயைப் பொத்தி மடியோடு அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் அத்தையைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது கன்னங்கள் உப்பியிருந்தன. விரல்கள் ஊறி, வெடிப்பெல்லாம் மூடி வழவழப்பாக இருந்தன. யாரும் பார்க்காதபோது பெட்டியை விரல் முட்டியால் தட்டி, "போதும் அத்தை, வுட்டுடு" என்று காதில் சொன்னேன். அதற்கப்புறமும் பல ஞாயிறு அவள் வருவாள் என்று வாசலில் நின்றிருக்கிறேன்.

பெரியவர்கள் அவரவருக்கு ஏற்றபடி ஒன்றைச் சொன்னார்கள். நீர்க்காட்டேரி என்றார்கள். பாரம் அதிகம் என்றார்கள், ஓட்டம் அடித்துப் போய்விட்டது என்றார்கள். பூசைக்கு வராதவர்கள் படகில் ஏறினார்கள் என்றாள் அம்மா, சில வருஷம். நைனா அதன் பிறகு கலர் குடிக்கவில்லை, கடல் பக்கத்து இருக்கையில் பேருந்தில்கூட உட்காரவில்லை, கிரேன் மேலிருந்து மட்டும் ஓய்வு பெறும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகை யாரும் எடுக்கவில்லை. சாம்பல் படிந்து படிந்து அதை மூடிவிட்டது. தக்கை ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதன் மேல்தான் குக்கரை வைக்கிறாள். அவளுக்குத் தெரியாது.

நைனாவைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மாலையில் மாமா என்னைத் தனியாக அழைத்தார். நான் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தேன். "வாய மூடுடா" என்றார். பிறகு சொன்னார்.

பின்பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் வெட்டாமல் விட்டிருந்தால், தண்ணீர் நிரம்பியிருந்தாலும் படகு மிதந்திருக்கும். அத்தையை ஓட்டம் அடித்துப் போகவில்லை. எல்லோரும் முன்னால் ஓடியபோது அவளும் எழுந்திருக்கிறாள். அவள் புடவை ஐஸ் பெட்டிக் கதவின் கீலில் மாட்டியிருந்தது. நாங்கள் திட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது படகு அவளை இழுத்துக்கொண்டு இறங்கியது. இறால் தடவுகிற பெரியவர் அடியில் போய், கையால் தடவிக் கண்டுபிடித்து, புடவையைக் கிழித்துத்தான் அவளை எடுத்தார்.